கவலை இறைத்தது நின்று மோட்டார் வந்தது எந்த ஆண்டு? உங்கள் ஊர்க் கிணற்றுக் கதையைச் சொல்லுங்கள்

#1 செம்மண்காடு (இழையைத் தொடங்கியவர்) | சனி, காலை 7:40

வணக்கம். சென்ற வாரம் எங்கள் பழைய மாட்டுக் கொட்டகையைப் பிரித்தோம். பரணில் இரும்புப் பறி ஒன்று கிடைத்தது. எருதுகளைப் பூட்டிக் கிணற்றுநீரைக் கவலையில் இறைத்த காலத்துப் பறி, அதாவது தண்ணீர் மொள்ளும் பெரிய வாளி. விளிம்பில் மூன்று இடங்களில் தகடு வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். அதோடு சேர்ந்த தும்பியை, அதாவது தோல் குழாயை, எலி தின்றுவிட்டது. தும்பியைக் கட்டிய வளையம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், "அடியில் இவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறதே, இதில் எப்படித் தண்ணீர் நிற்கும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்த ஓட்டையில்தான் தும்பி தொங்கும். பறியைத் தூக்கத் தடித்த வடம் ஒன்று, தும்பியின் நுனியைத் தூக்கிப் பிடிக்க மெல்லிய கயிறு ஒன்று. இரண்டையும் ஒரே நுகத்தில் கட்டி எருதுகள் வாரியில், அதாவது கிணற்றடிச் சரிவில், இறங்கும். பறி கிணற்றுக்குள் இருக்கும்வரை தும்பியின் நுனி மேல்நோக்கி மடிந்திருக்கும், தண்ணீர் போகாது. பறி மேலே வரும்போது வடம் உயரத்தில் உள்ள உருளை மீது ஓடும், கயிறு தொட்டியின் விளிம்பில் உள்ள உருளை மீது ஓடும். அதனால் தும்பி தானாகவே தொட்டிக்குள் நீண்டு தண்ணீரைக் கொட்டிவிடும். ஆள் நின்று சாய்க்க வேண்டியதே இல்லை. இதை முதலில் யோசித்தவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. எனக்கு அவர் பெரிய பொறியாளர்.

அப்பா 1951இல் பிறந்தவர். எருது இறங்கும்போது பாரத்துக்காக வடத்தின் மேல் உட்கார்ந்து போனது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. எட்டாம் வகுப்புப் படிக்கும்போது மோட்டார் வந்தது என்கிறார், தேதி நினைவில்லை. அந்தக் கிணறு 45 அடி. இன்று அதில் தண்ணீர் கிடையாது. பக்கத்தில் உள்ள ஆழ்துளைக் கிணறு 900 அடி. 45க்கும் 900க்கும் நடுவில் என்ன நடந்தது என்று எழுதி வைக்க விரும்புகிறேன். உங்கள் ஊரில் எப்போது, எப்படி மாறியது?

#2 பொன்னிக்கரை | சனி, காலை 8:15

நான் கும்பகோணம் பக்கம். எங்களுக்கு ஆற்றுப் பாய்ச்சல் என்பதால் கவலை குறைவு. வாய்க்காலிலிருந்து மேட்டு வயலுக்கு ஏற்றமும் இறைகூடையும்தான். ஏற்ற மரத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடப்பார். இறைத்த சால் (வாளி) எண்ணிக்கை தவறாமல் இருக்கத்தான் ஏற்றப்பாட்டு. மேலே இருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த ஒரு பெரியவரைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

1934இல் மேட்டூர் அணை வந்ததும் எங்கள் நாட்காட்டியே மாறியது. அணை திறக்கும் நாள் ஜூன் 12. ஆனால் குறுவைக்கு நாற்று அதற்கு முன்பே தயாராக வேண்டுமே? அங்கேதான் ஃபில்டர் பாயிண்ட் வந்தது. எங்கள் மண் வண்டல். கொஞ்ச ஆழத்திலேயே மணலில் தண்ணீர் இருக்கும். குழாயை இறக்கி, மேலே ஓர் எஞ்சினை வைத்தால் போதும். தண்ணீர் திறப்பதற்கு முன்பே நாற்றங்கால் பச்சையாகிவிடும். குட்டை ரக நெல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் குழாயைச் சொல்வதே இல்லை. விதை மட்டும் வந்திருந்தால் எங்கள் வயலில் அவ்வளவு விளைந்திருக்காது.

#3 கரிசல்மகள் | சனி, காலை 9:02

அண்ணா, எங்கள் பக்கம் கமலை என்போம். பறியைக் கூனை என்போம், தும்பியை வால் என்போம். நான் விருதுநகர் மாவட்டம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் பேச்சில் கமலை என்றதும் எருதின் சலங்கை, விடிகாலை, பாட்டு என்று ஓர் இனிப்பான படம் வந்துவிடுகிறது. என் அம்மாவிடம் கேட்டால் வேறு படம் சொல்வார். அதிகாலை மூன்று மணிக்கு மாடு கட்ட வேண்டும். தாத்தா கமலை ஓட்டுவார், அம்மா பாத்தி பாத்தியாக மடை மாற்றுவார். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். அதன் பிறகு பள்ளிக்கூடம் போனால் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவாராம். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. தம்பிக்கு நிற்கவில்லை, ஏனென்றால் அவன் படிக்கும்போது வீட்டில் ஆயில் எஞ்சின் வந்துவிட்டது.

எருதுக்கும் பாவம்தான். இறங்கும்போது பாரம், ஏறும்போது பின்பக்கமாகவே நடந்து மேட்டுக்கு வர வேண்டும். ஒரு காலைப்பொழுதில் நூறு தடவை, நூற்றைம்பது தடவை. தோள் புண்ணாகி ஈ மொய்க்கும். அந்தப் புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவியதும் அம்மாதான்.

மோட்டார் வந்ததால் தண்ணீர் போனது என்பது உண்மை. மோட்டார் வந்ததால் என் அம்மாவுக்குப் பின்னால் வந்த பெண்கள் படித்தார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

#4 இறைவைப்பொறி | சனி, பிற்பகல் 12:30

கரிசல்மகள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். நான் பம்ப் தொழிலில் 28 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், கோவை. எனக்குத் தெரிந்த வரலாற்றைச் சொல்கிறேன்.

மாட்டுக்குப் பதில் இயந்திரம் என்ற முயற்சி சென்னை மாகாணத்தில் 1900களின் தொடக்கத்திலேயே தொடங்கிவிட்டது. ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கிணறுகளில் ஆயில் எஞ்சின் வைத்துப் பார்த்தார், அரசை அதற்குள் இழுத்தார். கவலையின் திறனையும் எஞ்சினின் திறனையும் அளந்து பார்த்தவர்களில் அவர் முக்கியமானவர். ஆனால் எஞ்சின் விலை, எண்ணெய் விலை, பழுது பார்க்க ஆள் இல்லாதது எல்லாம் சேர்ந்து, அது வசதி உள்ளவர்களின் பொருளாகவே நெடுங்காலம் இருந்தது.

நிலைமையை மாற்றியது பைக்காரா நீர்மின் திட்டம். நீலகிரியிலிருந்து விழும் தண்ணீரில் எடுத்த மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் கோவைக்கு இறங்கியது. பஞ்சாலைகள் முதலில் பிடித்துக்கொண்டன, அடுத்து கிணறுகள். கோவையில் பாலசுந்தரம் நாயுடு, ஜி.டி. நாயுடு போன்றவர்கள் 1937 வாக்கில் மோட்டாரை உள்ளூரிலேயே செய்து காட்டினார்கள். ஆலைக்குப் பாகம் வார்த்த பட்டறைகள் பம்புக்கு உறை வார்த்தன. பழுது பார்க்கும் ஆள் அடுத்த தெருவிலேயே இருந்தார். மேற்கு மாவட்டங்களில் மின்மோட்டார் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அந்த அடுத்த தெரு ஆள்தான் காரணம் என்பது என் கருத்து.

இப்போது ஒரு கணக்கு. பறி ஒன்றுக்கு 150 லிட்டர், கிணறு 40 அடி என்று வையுங்கள். நல்ல ஜோடி எருது நிமிடத்துக்கு ஒரு பறி இறைக்கும். 5 குதிரைத்திறன் மோட்டார், பாதித் திறன் வீணாகிறது என்று வைத்தாலும், அதே 150 லிட்டரைச் சுமார் 10 நொடியில் தூக்கிவிடும். அதாவது ஆறு ஜோடி எருது, இளைப்பாறாமல், தண்ணீர் காட்டாமல், இரவும் பகலும். கவலை காலத்தில் மாடு களைத்ததும் கிணற்றுக்கு ஓய்வு. ஊற்று ஊறி மறுநாள் காலைக்குள் பழைய மட்டத்துக்கு வந்துவிடும். மோட்டார் வந்த பிறகு அந்த ஓய்வு இல்லை.

#5 செம்மண்காடு | சனி, பிற்பகல் 1:10

ஐயா, மிக்க நன்றி. ஒரு சந்தேகம். எங்கள் கிணற்றுக்குள்ளே, மேலிருந்து 20 அடியில் பக்கச் சுவரில் கல் மேடை ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொன்று. படி இல்லை, இரும்புக் கம்பிகளைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். இவை எதற்கு?

#6 இறைவைப்பொறி | சனி, பிற்பகல் 2:45

அது மோட்டார் மேடை. உங்கள் கிணற்றின் வயதை அந்த மேடைகளே சொல்கின்றன.

சுழல் பம்ப் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று சொல்கிறோம். உண்மையில் வெளியே இருக்கும் காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. காற்றின் அழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. கணக்குப்படி சுமார் 33 அடி, நடைமுறையில் 25 அடியைத் தாண்டுவது கடினம். அதற்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வைத்தாலும் பயன் இல்லை. மோட்டாரைத்தான் கீழே இறக்க வேண்டும். முதல் மேடை கட்டிய ஆண்டில் தண்ணீர் ஒரு முறை இறங்கியிருக்கிறது. இரண்டாம் மேடை கட்டிய ஆண்டில் இன்னொரு முறை.

அப்பாவிடம் கேளுங்கள், பம்ப் காற்று வாங்கினால் சாணியைக் கரைத்து ஊற்றியிருப்பார்கள். குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வின் தோல் காய்ந்து ஒழுகும்போது சாணி அந்த இடுக்கை அடைக்கும். எந்தக் கையேட்டிலும் இல்லாத வைத்தியம், ஆனால் வேலை செய்யும். மழைநாளில் நீர் ஏறி மேடை மூழ்குவதற்கு முன் நள்ளிரவில் கயிறு கட்டி மோட்டாரை மேலே இழுத்த குடும்பங்கள் எத்தனையோ.

மேடையும் போதாமல் போனபோதுதான் மோட்டாரையே தண்ணீருக்குள் போடும் நீர்மூழ்கி பம்ப் வந்தது. அது உறிஞ்சாது, கீழிருந்து தள்ளும். காற்றழுத்தம் போட்டிருந்த வேலி அதோடு போயிற்று.

#7 துலாக்கொடி | சனி, இரவு 9:20

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு படலமாகக் கிடக்கிறது. அதைத்தான் ஆண்டாண்டாகக் குடித்தோம், தோட்டத்துக்கும் இறைத்தோம்.

அப்புவின் காலத்தில் துலா. இரண்டு பேர் துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் மிதிக்க, கிணற்றடியில் நிற்பவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். பனையோலையில் இழைத்த பட்டை. புகையிலைக் கன்றுக்கு இறைப்பு தவறக் கூடாது என்பதால் அயலவர்கள் முறை வைத்து ஒருவருக்கொருவர் துலா மிதிப்பார்கள். பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிஷின் வந்தது. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதியை அரசு தடுத்தபோது எங்கள் தோட்டங்களில் பணம் புரண்டது. ஒவ்வொரு வளவிலும் மிஷின் சத்தம் கேட்டது.

1990இல் எரிபொருளுக்குத் தடை வந்தது. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில், தங்கத்தின் விலையில் கிடைத்தது. எங்கள் ஐயா மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் கிடந்த துலாவைத் திரும்பவும் நிறுத்தினார். எனக்கு அப்போது பதினான்கு வயது, மிதித்திருக்கிறேன். முதல் வாரம் பயத்தில் கால் நடுங்கியது. ஆனால் ஒன்றைக் கண்ணால் பார்த்தேன்: மிஷினால் இறைத்த காலத்தில் உவர்க்கத் தொடங்கியிருந்த எங்கள் கிணறு, துலாவால் இறைத்த இரண்டு ஆண்டில் மீண்டும் குடிக்கும் தண்ணீரானது. இதமாக எடுத்தால் நன்னீர்ப் படலம் அப்படியே கிடக்கும். வேகமாக எடுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே வரும். யுத்தம் நல்லது செய்தது என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் கிணறு சொன்னதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

#8 கரிசல்மகள் | சனி, இரவு 9:55

துலாக்கொடி அண்ணா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுதியதற்கு நன்றி.

#9 மேல்நிலம் | ஞாயிறு, காலை 6:30

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். நிலத்தடி நீர் போனதற்குக் காரணம் இலவச மின்சாரம். 1984இல் சிறு விவசாயிகளுக்கு, 1990இல் எல்லாருக்கும். காசு கொடுக்காத பொருளுக்கு மதிப்பு இருக்காது. மீட்டர் வைத்துக் காசு வாங்கியிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

#10 செம்மண்காடு | ஞாயிறு, காலை 8:05

மேல்நிலம் அவர்களே, எங்கள் ஊர் பெருமாநல்லூருக்குப் பக்கம். 1970இல் மின்கட்டணத்தை யூனிட்டுக்கு ஒன்றிரண்டு காசு ஏற்றியதை எதிர்த்து விவசாயிகள் திரண்டார்கள். ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் செத்தார்கள். 1972இல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை நகருக்குள் மாட்டு வண்டிகள் போய் நின்றன. பெரியப்பாவும் எங்கள் வண்டியைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

ஒரு காசுக்காகவா என்று கேட்பவர்களுக்கு: மோட்டாருக்குக் கடன், கிணறு வெட்டக் கடன், வெடி வைத்துப் பாறை உடைக்கக் கடன். தண்ணீர் இறங்க இறங்க அதே ஏக்கருக்கு அதிக யூனிட் ஓடுகிறது. கட்டணம் ஏறாமல் இருந்தாலும் பில் ஏறும். அந்தக் காசு ஏற்கெனவே நிரம்பியிருந்த பானையின் மேல் விழுந்தது.

இலவசம் நீரை வீணாக்கியது என்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் ஊரில் மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து படுப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்து, வாழைத் தோப்பு நிரம்பி, ரோட்டில் ஓடும். ஆனால் எங்கள் கிணற்றின் முதல் மேடை இலவசத்துக்கு முந்தியது. இரண்டாவது மேடையும் முந்தியதுதான். நேற்று அப்பாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

#11 ரிக்வண்டி30 | ஞாயிறு, காலை 10:40

திருச்செங்கோடு. ரிக் வண்டியில் 30 வருடம். இந்தியா முழுக்க எங்கள் ஊர் வண்டிகள் துளை போடுகின்றன. நானே ஏழு மாநிலத்தில் போட்டிருக்கிறேன்.

கருங்கல்லைத் துளைப்பது ஒரு காலத்தில் மாதக்கணக்கு வேலை. காற்றழுத்தத்தில் சுத்தியல் அடித்துக்கொண்டே இறங்கும் இயந்திரம் 1967 பஞ்ச சமயத்தில் யுனிசெஃப் மூலம் இந்தியாவுக்கு வந்தது. குடிதண்ணீருக்காக வந்தது. கைப்பம்பு போட. பிறகு அதே இயந்திரம் விவசாயத்துக்கு வந்தது. மாதக்கணக்கு ஒரு ராத்திரியானது.

துளை போடும்போது நாங்கள் கண்ணை வைத்திருப்பது புழுதியில். வெள்ளையாக, உலர்ந்து பறந்தால் இறுகிய பாறை. புழுதி கருத்து உருண்டை உருண்டையாக விழுந்தால் ஈரம், வெடிப்பு பக்கத்தில் இருக்கிறது. வெடிப்பை உடைத்ததும் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். வீட்டுப் பெண்கள் மஞ்சள் கொண்டு வருவார்கள், சூடம் ஏற்றுவார்கள். அந்த முகங்களுக்காகத்தான் இந்தத் தொழிலில் இருந்தேன்.

நான் சேர்ந்தபோது 250 அடி என்றால் பெரிய ஆழம். இப்போது 1,000 அடிக்குச் சாதாரணமாகக் கேட்கிறார்கள். பாறையில் மேலே உள்ள சிதைந்த பகுதிதான் பஞ்சு மாதிரி தண்ணீர் பிடிக்கும். கீழே போகப் போக வெடிப்பு குறையும். 800 அடியில் கிடைப்பது மழை பெய்தால் அடுத்த வருடமே ஊறும் தண்ணீர் அல்ல. இதை நான் சொல்லித்தான் போடுவேன். "நீ போடு, பக்கத்துக் காட்டுக்காரன் போட்டுவிட்டான்" என்பார்கள். ஒரே வரப்பின் இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் போட்டிருக்கிறேன். இரண்டாவதில் புகை மட்டும் வந்தது. அந்த ஆள் அட்வான்ஸுக்கு மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்திருந்தார். மீதிப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

#12 வழக்காடி | ஞாயிறு, பிற்பகல் 3:15

பக்கத்துக் காட்டுக்காரன் போட்டுவிட்டான் என்பதன் வேர் சட்டத்தில் இருக்கிறது. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. தன் நிலத்துக்குக் கீழே, வரையறுத்த கால்வாயாக ஓடாத தண்ணீரை எடுத்துக்கொள்ள நில உடைமையாளருக்கு உரிமை உண்டு என்கிறது. பக்கத்துக் கிணறு வற்றினாலும் அவர் பொறுப்பல்ல.

1882இல் எப்படி இறைத்தார்கள் என்று யோசியுங்கள். கவலை, ஏற்றம், துலா. ஒரு மனிதன் தன் கிணற்றிலிருந்து எவ்வளவுதான் எடுத்துவிட முடியும்? அளவு என்ற ஒன்றைச் சட்டம் எழுதவே இல்லை. எருதின் மூச்சு அந்த அளவை வைத்திருந்தது. பிறகு எருது போனது, எஞ்சின், மோட்டார், நீர்மூழ்கி, ரிக் எல்லாம் வந்தன. சட்டத்தின் வரி மட்டும் அப்படியே நிற்கிறது. தமிழ்நாட்டில் 2003இல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று போட்டார்கள். நடைமுறைக்கு வராமலே 2013இல் அதை ரத்தும் செய்துவிட்டார்கள்.

இலவச மின்சாரம் பற்றி மேல்நிலம் சொல்வது ஒரு பகுதிதான். பணம் இருப்பவன் மீட்டருக்கும் கட்டிவிட்டு 1,200 அடி போடுவான். பொதுக் கிணறு, பொது நீர்மட்டம் என்ற எண்ணத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவராமல் கட்டணத்தால் மட்டும் இது நேராகாது.

#13 பொன்னிக்கரை | ஞாயிறு, மாலை 5:00

சொட்டுநீர் பற்றி யாரும் பேசவில்லையே? இஸ்ரேலில் 1960களின் நடுவிலிருந்து ஆலையில் செய்து விற்கிறார்கள். இங்கே சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். தண்ணீர் பாதியாகக் குறைகிறது என்கிறார்கள்.

#14 இறைவைப்பொறி | ஞாயிறு, மாலை 6:20

செடிக்குப் போகும் தண்ணீர் குறைகிறது, உண்மை. மடை மாற்ற ஆள் வேண்டாம், களை குறைவு, உரத்தையும் அதிலேயே விடலாம். நானே என் தென்னைக்குப் போட்டிருக்கிறேன். உப்புத் தண்ணீர் என்பதால் துளை அடைக்கும், அமிலம் விட்டுக் கழுவ வேண்டும். கோடையில் அணிலும் எலியும் குழாயைக் கடிக்கும். அதெல்லாம் சமாளிக்கக் கூடியது.

என் வருத்தம் வேறு. இரண்டு ஏக்கருக்குப் பாய்ந்த தண்ணீர் இப்போது நான்கு ஏக்கருக்குப் பாய்கிறது என்று மகிழ்ந்து, மானாவாரியாகக் கிடந்த காட்டையும் தோட்டமாக்கிவிடுகிறோம். என் பக்கத்துத் தோட்டத்தில் அதுதான் நடந்தது. மோட்டார் ஓடும் நேரம் ஒரு மணிகூடக் குறையவில்லை. விளைச்சல் கூடியது, அவருக்கு நல்லது, அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் கிணற்றுக்கு மிச்சமானது எதுவும் இல்லை.

#15 மேல்நிலம் | ஞாயிறு, இரவு 8:10

வழக்காடி எழுதியதைப் படித்தேன். 1882 சட்டம் பற்றி எனக்குத் தெரியாது. கட்டணம் வேண்டும் என்ற கருத்தில் மாற்றமில்லை. ஆனால் அது மட்டும் போதும் என்று எழுதியது தவறுதான். பெருமாநல்லூர் பற்றியும் இன்றுதான் அறிந்தேன்.

#16 செம்மண்காடு | அடுத்த சனி, காலை 7:15

எல்லாருக்கும் நன்றி. இரண்டு செய்திகள்.

கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அம்மாவின் தகரப் பெட்டியில், நிலப் பத்திரத்துக்கு நடுவில், எங்கள் கிணற்றின் முதல் மின் இணைப்பு அட்டை இருந்தது. 1965, மார்ச். 5 குதிரைத்திறன். அட்டையின் பின்பக்கம் தாத்தா பென்சிலில் எழுதியிருக்கிறார்: எருது ஜோடி விற்ற தொகை, யாருக்கு விற்றது, அதன் கீழே "கரும்பு 1 ஏக்கர்". மாட்டை விற்ற அதே மாதம் கரும்பு போட்டிருக்கிறார். அதுவரை எங்கள் காட்டில் ராகியும் கம்பும் சோளமும்தான் என்கிறார் அப்பா.

இரண்டாவது. அத்திக்கடவு அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது பலருக்குத் தெரிந்திருக்கும். காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாகத் தூக்கி, 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் திட்டம். எங்கள் ஊர்க் குட்டைக்கும் தண்ணீர் வந்தது. அரைக் கிலோமீட்டர் தள்ளித்தான் எங்கள் பழைய கிணறு.

நேற்று மாலை அப்பாவும் மகளும் நானும் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டோம். அப்பா கயிற்றை மேலே இழுத்து, நனைந்த இடத்தை முழங்கையால் அளந்தார். இரண்டு முழமும் ஒரு சாணும். மகள் அதைத் தாத்தாவின் அட்டையில், பென்சிலாலேயே, தேதி போட்டு எழுதிவைத்தாள்.